ஒரு கோரிக்கையைக் கையெழுத்து வரை கொண்டுபோவது எப்படி: ஜவுளிக்கடை நாற்காலியை வைத்து ஒரு முழு வழிகாட்டி

செவ்வாய்க்கிழமை மத்தியானம் 3 மணிக்கு உங்கள் ஊரிலுள்ள பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாவது மாடிக்குப் போய்ப் பாருங்கள். சேலை எடுக்க வந்தவர்கள் நாலு பேர் இருந்தாலே அதிகம். கவுண்டருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்கிறார்கள், ராத்திரி கடை சாத்தும்வரை நிற்பார்கள், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு, மேஜை விளிம்பில் லேசாகச் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தோடு.

இவர்கள் உட்காரலாம் என்று சட்டம் இருக்கிறது. அன்றைய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சி.வி. கணேசன் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த திருத்த மசோதாவின் மூலம், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி வைத்திருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும், நாள் முழுக்க நின்றே கழிக்கும் நிலை இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இந்தியாவில் இதற்கு முன் இப்படிச் செய்தது கேரளம், 2018-இல்.

கூட்டங்களில் அட்வகசி என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். ஒரு அநியாயத்தைப் பார்த்து வருகிற கோபத்தை எடுத்து, அதைத் தீர்க்கும் அதிகாரம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போடக்கூடிய கோரிக்கையாக மாற்றி, கையெழுத்து வாங்கி, அப்புறம் அந்தக் கையெழுத்து தரையில் நடக்கிறதா என்று பார்ப்பது வரைக்கும் உள்ள மொத்த வேலைக்கும்தான் அந்தப் பெயர். கடைத்தெருத் தொழிலாளர்களோடு சில வருடங்களாக வேலை செய்கிறேன். இதில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் பிரச்சினை ஏரி ஆக்கிரமிப்பாக இருக்கலாம், பள்ளிக் கழிப்பறையாக இருக்கலாம், நின்றுபோன பேருந்தாக இருக்கலாம். நாற்காலி இருக்கும் இடத்தில் உங்கள் கோரிக்கையை வைத்துப் படியுங்கள்.

முதல் படி: யாருக்கு வலிக்கிறதோ அவர்களிடமிருந்து தொடங்குங்கள்

கேரளத்து நாற்காலி கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவிலிருந்து வந்தது. அங்கே தையல் வேலை செய்த பி. விஜி, சுற்றியிருந்த கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியை அல்ல, கழிப்பறையை. கடைகளில் கழிப்பறை இல்லாததால் அந்தப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள், அதனால் நோய் வந்தது. கழிப்பறைக்காகச் சேர்ந்த கூட்டம்தான் பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டது. ஏற்கெனவே இருந்த பெரிய சங்கங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கமும் அமைத்தார்கள். 2018-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி பெயர் இருந்தது. அது வெளியே தெரிந்த பகுதி. அதற்கு முன்னால் பல வருடங்கள் கடை கடையாக ஏறி இறங்கியது வெளியே தெரியாத பகுதி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் கோரிக்கையை வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டு அப்புறம் ஆள் தேடுகிறோம். பாதிக்கப்பட்டவரிடம் கேட்டால் முதல் பிரச்சினை வேறாக இருக்கும். உட்காருவதைப் பற்றிப் பேசப் போனால், ‘அக்கா, மாசத்துல ரெண்டு நாள் லீவு எடுத்தா மூணு நாள் சம்பளத்தைப் பிடிக்கிறாங்க, அதைக் கேளுங்க மொதல்ல’ என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கேட்பதற்கே ஒதுக்குங்கள். கடை வாசலில் பேச முடியாது, அவர்களுக்கு ஆபத்து. பேருந்து நிறுத்தம், ஹாஸ்டல் பக்கத்துக் கோயில், வார விடுமுறை நாளின் மதியம், இந்த மாதிரி இடமும் நேரமும்தான் சரிப்படும். பெரிய நகரங்களின் ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து, முதலாளியே நடத்தும் விடுதியில் தங்கியிருப்பவர்கள். வேலை போனால் அன்றைக்கே தங்குமிடமும் போகும். இதை மறந்துவிட்டுப் போடுகிற எந்தத் திட்டமும் அவர்களைத்தான் பலி கொடுக்கும்.

இரண்டாம் படி: கோரிக்கையை ஒரு வாக்கியமாக்குங்கள்

நான் முதன்முதலில் எழுதிய மனுவில் 11 கோரிக்கைகள் இருந்தன. எல்லாமே நியாயமானவை. வாங்கிப் படித்த அதிகாரி, கோபப்படாமல், ‘இதில் நான் செய்யக்கூடியது எது?’ என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. 11-இல் இரண்டு மட்டுமே அவர் அதிகாரத்துக்குள் வந்தவை, ஐந்து வேறு துறைக்குப் போக வேண்டியவை, மீதி சட்டத்தையே மாற்றினால்தான் நடக்கும். ஒரு வருட உழைப்பு அந்த ஒரு கேள்வியில் நின்றுபோனது.

கோரிக்கைக்கு நாலு கால் வேண்டும்: யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எந்த அதிகாரத்தின் கீழ், எந்தத் தேதிக்குள். ‘கடை ஊழியர்களின் உரிமையைப் பாதுகாக்க வேண்டும்’ என்பதில் நாலும் இல்லை. ‘தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அவர்கள், ஆடித் தள்ளுபடி தொடங்குமுன், நகரின் கடைத்தெருவில் 20 பேருக்கு மேல் வேலை செய்யும் ஜவுளிக்கடைகள் அனைத்திலும் பிரிவு 22-ஏ-இன்படி இருக்கை உள்ளதா என ஆய்வு செய்து, முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்’ என்பதில் நாலும் இருக்கிறது. இதை மறுக்க வேண்டுமென்றால் அவர் காரணம் தேட வேண்டும். காரணம் சொன்னால் அதற்கு நாம் பதில் சொல்லலாம்.

கோரிக்கையைச் சின்னதாக்கினால் நோக்கமும் சின்னதாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம் என்று நினைக்கிறேன். 22-ஏ-இன் வார்த்தைகளையே பாருங்கள். வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் உட்கார்ந்திருக்கலாம் என்று அது சொல்லவில்லை, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது. அதாவது அந்தச் செவ்வாய்க்கிழமை 3 மணி. அவ்வளவு குறுகலாகக் கேட்டதால்தான் யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்த பெண் அடுத்து சாப்பாட்டு நேரத்தைக் கேட்பார், அதற்கடுத்து சம்பள ரசீதைக் கேட்பார்.

மூன்றாம் படி: ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர வேண்டுமென்றால் அதற்கு முன்னுதாரணம் வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்கிறோம் என்றால் எல்லோரும் தயங்குவார்கள், பக்கத்தில் செய்திருக்கிறார்கள் என்றால் பேனாவை எடுப்பார்கள். நாற்காலி விஷயத்தில் இரண்டு முன்னுதாரணங்கள் இருந்தன. ஒன்று கேரளம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவு. நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும் தொழிலாளர்களுக்கு, வேலைக்கு நடுவில் ஓய்வு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. 22-ஏ-இன் வாக்கியத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் உறவுக்காரர்கள் என்று தெரியும். தொழிற்சாலைக்கு இருந்தது, கடைக்கு இல்லை. இந்த ஓட்டைக்குள் 70 வருடங்களுக்கு மேல் லட்சக்கணக்கான பெண்கள் நின்றிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்: இதே வசதி வேறு ஒரு பிரிவினருக்கு இருக்கிறதா? பக்கத்து மாநிலத்தில், பக்கத்து மாவட்டத்தில் நடந்திருக்கிறதா? இருக்கிற சட்டத்திலேயே இடமுண்டா? பாதி நேரம் புதுச் சட்டம் தேவைப்படாது, பழைய அரசாணை ஒன்றைத் தூசி தட்டினால் போதும்.

நான்காம் படி: எண்ணுங்கள், எழுதுங்கள், ஆர்.டி.ஐ. போடுங்கள்

ஆதாரம் என்றதும் பெரிய ஆய்வு என்று மலைக்க வேண்டாம். கடை எல்லோருக்கும் திறந்திருக்கும் இடம். இரண்டு இரண்டு பேராக, வாடிக்கையாளராகவே போய், மாடிக்கு மாடி நாலு விஷயத்தை எண்ணுங்கள்: எத்தனை ஊழியர்கள், எத்தனை இருக்கைகள், அவை கவுண்டருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா அல்லது குடோனில் அடுக்கிவைத்திருக்கிறார்களா, நீங்கள் இருந்த நேரத்தில் யாராவது உட்கார்ந்தார்களா. ஒரே கடைக்குக் கூட்டமான ஞாயிறு மாலை ஒருமுறை, ஆளில்லாத வார நாள் மதியம் ஒருமுறை போக வேண்டும். ஊழியர்களைப் படம் எடுக்காதீர்கள். பேட்டியும் கடைக்குள் வேண்டாம். வெளியே வந்ததும் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள், இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு தப்பான எண் போதும், எதிர்த் தரப்பு மொத்தப் பட்டியலையும் குப்பையில் போட.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.). தனியார் கடையிடம் நேரடியாகக் கேட்க முடியாது, ஆனால் அந்தக் கடையை ஆய்வு செய்ய வேண்டிய துறையிடம் கேட்கலாம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

– கடந்த இரண்டு ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் பிரிவு 22-ஏ தொடர்பாக ஆய்வு செய்யப்பட்ட கடைகளின் எண்ணிக்கை, மாதவாரியாக.
– இருக்கை வசதி இல்லை என்று அளிக்கப்பட்ட நோட்டீஸ்களின் நகல்கள்.
– தொடரப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கையும் இன்றைய நிலையும்.
– இப்பிரிவை நடைமுறைப்படுத்தத் தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கைகளின் நகல்கள்.

‘ஏன் ஆய்வு செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத் தரச் சொல்லும், இல்லாத விளக்கத்தை எழுதித்தரச் சொல்லாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் அரைகுறையாக வந்தாலும் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. இந்தத் தேதிகளை மறந்து கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர். விண்ணப்பம் போட்ட அன்றைக்கே மூன்று தேதியையும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். பதிலில் ‘பூஜ்யம்’ என்று வந்தால் சோர்ந்துபோகாதீர்கள், அதைவிட வலுவான ஆதாரம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. துறையே தன் முத்திரையோடு, கையெழுத்தோடு ஒப்புக்கொண்ட எண் அது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் எப்படி வந்தது என்பதே ஒரு பாடம். ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, ஷங்கர் சிங் ஆகியோர் கிராமத்து மக்களோடு சேர்ந்து 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். கூலி ஏன் குறைகிறது என்று தேடிப்போனால் எல்லாம் வருகைப் பதிவேட்டில் போய் நின்றது, ஆனால் பதிவேட்டைக் காட்ட மறுத்தார்கள். கிடைத்த நகல்களை 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார்கள். யார் பெயரில் கூலி எழுதியிருக்கிறதோ அவர் எழுந்து, தனக்கு அது வந்ததா இல்லையா என்று சொன்னார். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா, ‘நம் பணம், நம் கணக்கு’ என்று பொருள்படும் முழக்கத்தோடு. 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம். அந்த வாசிக்கும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: உங்களுக்கு வந்த ஆர்.டி.ஐ. பதிலை வாட்ஸ்அப்பில் போடுவதோடு நிறுத்தாமல், சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டி வரி வரியாக வாசியுங்கள். ‘அந்தக் கடையை ஆய்வு செஞ்சாங்களாம், அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன், யாருமே வரல’ என்று ஒரு குரல் எழும்.

ஐந்தாம் படி: யார் கையெழுத்துப் போடுவார், அவர் யார் சொல்லைக் கேட்பார்

ஒரு சார்ட் பேப்பரை எடுத்து நடுவில் கையெழுத்துப் போடுகிறவரின் பதவியை எழுதுங்கள். அவரைச் சுற்றி, அவர் யார் சொன்னால் கேட்பார் என்று எழுதுங்கள்: மேலதிகாரி, கோப்பைத் தயாரிக்கும் கண்காணிப்பாளர், சட்டமன்ற உறுப்பினர், உள்ளூர் நிருபர், தொழிற்சங்கத் தலைவர். பலர் அமைச்சரையும் ஆட்சியரையும் மட்டும் பார்த்துவிட்டு, குறிப்பு எழுதுகிற கண்காணிப்பாளரை விட்டுவிடுகிறார்கள். ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதுவதும் ‘ஏற்க இயலாது’ என்று எழுதுவதும் பல நேரம் அவர்தான். அவரிடம் மரியாதையாக, ஆவணத்தோடு பேசுங்கள்.

தமிழ்நாட்டில் நாற்காலி எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இந்த யோசனை ஒருமனதாக ஏற்கப்பட்டது. வெளியே பெரிதாகப் பெயர் தெரியாத குழு அது. தொழிற்சங்கத்தாரும் வேலை கொடுப்பவர்களும் அரசும் ஒரே மேஜையில் உட்காரும் இடம். அங்கே மறுப்பில்லாமல் போனதால், பின்னால் சட்டமன்றத்துக்கு வந்தபோது சண்டை இல்லை. நடுவில் 2021 மே மாதம் ஆட்சியே மாறியது. அ.தி.மு.க. ஆட்சியில் குழு ஏற்றதை தி.மு.க. ஆட்சி மசோதாவாக்கியது. உங்கள் கோரிக்கையை ஒரு கட்சியின் கொடியில் கட்டிவிடாதீர்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். கட்சிக்காரர்கள் வரட்டும், பேசட்டும், ஆனால் மேடையும் மனுவும் பாதிக்கப்பட்டவர்கள் கையில் இருக்கட்டும்.

எந்த மனு எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், 1100 உதவி எண்ணில் சொன்னாலும் எண் கிடைக்கும், பின்தொடர அது உதவும். ஆனால் அந்த மனு கீழே இறங்கி, கடைசியில் நீங்கள் யாரைப் பற்றிச் சொன்னீர்களோ அவர் மேஜைக்கே உங்கள் பெயரோடு போய்ச் சேருவதும் உண்டு. ஆகவே வேலையிலிருக்கும் ஊழியர் பெயரில் ஒருபோதும் மனு போடாதீர்கள். சங்கத்தின் பெயரில், அல்லது வேலையை விட்டு வந்துவிட்டவர்கள் பெயரில் போடுங்கள்.

ஆறாம் படி: எதிர்த் தரப்பையும் உட்கார வைத்துப் பேசுங்கள்

வணிகர் சங்கத்தை எதிரி என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் அவர்களில் நம் பக்கம் வரக்கூடியவர்களையும் தள்ளிவிடுவோம். சின்னக் கடைக்காரர் பலர் தாங்களும் ஊழியரோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களுக்கு இதில் நஷ்டமே இல்லை. பெரிய கடைகளிலும் காரணங்கள் வெவ்வேறு: ‘கவுண்டருக்குப் பின்னால் இடமில்லை’, ‘உட்கார்ந்தால் போனைப் பார்ப்பார்கள்’, ‘வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பார்’. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிலை முன்னாலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்பவருக்கு மடக்கு ஸ்டூல், சுவரோடு பொருத்தும் பலகை. வாடிக்கையாளரைச் சொல்பவருக்கு வாடிக்கையாளர்களிடமே கையெழுத்து வாங்கிக் காட்டலாம்: ‘எங்களுக்காக நீங்கள் நிற்க வேண்டாம்’. இந்த ஒன்றை நான் மிகவும் நம்புகிறேன், ஏனென்றால் கடையில் பணம் கொடுப்பவர் சொல்லும் சொல்லுக்கு முதலாளியிடம் உள்ள மதிப்பு வேறு.

முந்திக்கொண்டு நாற்காலி போட்ட கடை ஒன்று உங்கள் தெருவிலேயே இருந்தால் அந்தக் கடைக்கு ஊரறிய நன்றி சொல்லுங்கள். பத்துக் கடையைத் திட்டுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

ஏழாம் படி: சொல்லும் விதம்

ஒரே விஷயத்தை ஆளுக்கேற்ப வேறு வேறு வாயில் வழியாகச் சொல்ல வேண்டும், ஆனால் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்க வேண்டும். அதிகாரிக்குச் சட்டப்பிரிவு எண். நிருபருக்கு ஒரு பெண்ணின் ஒரு நாள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணி நேரம் நின்றார், ராத்திரி விடுதிக்கு வந்து வீங்கிய காலை எந்தச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்தார். மருத்துவரிடம், நரம்புச் சுருட்டலும் இடுப்பு வலியும் நீண்ட நேரம் நிற்பதோடு எப்படித் தொடர்புடையவை என்று எழுதி வாங்குங்கள். பொதுமக்களுக்குப் புள்ளிவிவரமே வேண்டாம், ‘நீங்கள் எடுத்த சேலையை மடித்துவைக்கும் பெண் இன்று உட்கார்ந்தாளா?’ என்ற ஒரு கேள்வி போதும்.

எட்டாம் படி: காலண்டரைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

தீபாவளி நெரிசலில் கடைத்தெருவுக்கு ஆய்வுக்கு வரச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள், ஊழியர்களுக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது. ஆனால் பத்திரிகைகள் கடைத்தெருவைப் பற்றி எழுத விரும்புவது அப்போதுதான். ஆகவே செய்தி தீபாவளிக்கு முன் வர வேண்டுமென்றால், ஆய்வு ஆடிக்கு முன் நடக்க வேண்டும், அதற்கான மனு சித்திரையில் போக வேண்டும், அதில் வைக்கும் ஆர்.டி.ஐ. பதிலுக்கு விண்ணப்பம் தை மாதமே போட்டிருக்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் கடைத்தெரு கொஞ்சம் மூச்சு விடும், கணக்கெடுப்பையும் பேச்சையும் அப்போது வையுங்கள்.

இன்னொரு காலண்டர் சட்டமன்றத்துடையது. பட்ஜெட்டுக்குப் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும், அன்றைக்கு ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தொழிலாளர் நலத் துறையின் குறிப்பை எடுத்துப் படியுங்கள், ஆய்வு எண்ணிக்கைகள் அதில் இருக்கும். உங்கள் தொகுதி உறுப்பினர் அந்த விவாதத்தில் ஒரு நிமிடம் இதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், பேச வேண்டிய அந்த நாலு வரியை நீங்களே எழுதி, மூன்று வாரம் முன்னால் கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் கொடுத்தால் பையிலேயே இருக்கும்.

ஒன்பதாம் படி: அதிகாரியைச் சந்திக்கும் நாள்

மூன்று பேருக்கு மேல் உள்ளே போகாதீர்கள். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க, மூன்றாமவர் அந்த வேலையைச் செய்து அனுபவித்தவர், அவர் பேசும்போது மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பக்க மனு, பின்னால் ஆர்.டி.ஐ. பதிலும் கணக்கெடுப்பும். வெளியே வருவதற்குள் ஒரு தேதி வாங்குங்கள். ‘பார்க்கிறேன்’ என்பது பதில் அல்ல, ‘எப்போது வந்து தெரிந்துகொள்ளலாம் சார்?’ என்று கேட்டுவிடுங்கள். அன்றைக்கு மாலையே, ‘இன்று சந்தித்ததற்கு நன்றி, தாங்கள் இந்தத் தேதிக்குள் இன்னின்ன கடைகளை ஆய்வு செய்வதாகத் தெரிவித்தீர்கள்’ என்று ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். வாயால் சொன்னது இப்படித்தான் ஆவணமாகும். அவர் மாற்றலாகிப் போய்விட்டால், அடுத்து வருபவருக்குக் காட்ட அந்தக் கடிதம் ஒன்றுதான் இருக்கும்.

பத்தாம் படி: நகரவில்லை என்றால்

பேச்சு, மனு, ஆர்.டி.ஐ., செய்தி, ஆர்ப்பாட்டம், நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறுங்கள். முதல் நாளே ஆர்ப்பாட்டம் செய்துவிட்டால் அடுத்த நாள் மிரட்ட ஒன்றும் மிச்சமிருக்காது. ஆர்ப்பாட்டம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதுவரை சேர்த்த தாள்கள் எல்லாம் அங்கே இணைப்பாகும்.

ஏறுகிற ஒவ்வொரு படியிலும் யாருக்கு அடி விழும் என்று முதலில் கேளுங்கள். கேரளத்தில் திருச்சூரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சங்கத்தில் சேர்ந்த பெண்களை இடம் மாற்றினார்கள், அவர்கள் 100 நாட்களைத் தாண்டிக் கடை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் மனசு நெகிழ்கிறது. ஆனால் அந்த நூறு நாளும் அந்த வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும். அதற்குப் பணம் எங்கிருந்து, யார் வீட்டில் தங்குவது, வேறு வேலைக்கு யார் பேசுவது என்பதெல்லாம் முடிவாகாமல் ஒரு பெண்ணையும் முன்னால் நிறுத்தாதீர்கள். அவர் துணிந்து வந்தாலும் சரி.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஜெராக்ஸ், தபால், பேருந்துக் கட்டணம், டீ, எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. மாதம் ஒருமுறை கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். அடுத்தவர் கணக்கைக் கேட்கிறவர்கள் நம் கணக்கைத் திறந்துவைக்க வேண்டும்.

பதினொன்றாம் படி: கையெழுத்து வாங்கிய மறுநாள்

பலர் இங்கே வெடி வெடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைத்தெருவில் ஆய்வு நடந்தது, நாற்காலிகளும் வந்தன, நாங்களும் சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், நாற்காலி இருக்கிறது, அதன்மேல் சேலைக் கட்டுகள் இருக்கின்றன. உட்கார்ந்த ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு யாருமே உட்காரவில்லை. ஆய்வாளர் தாளில் ‘இருக்கை வசதி உள்ளது’ என்றுதான் இருக்கும், அது பொய்யும் அல்ல.

அன்றிலிருந்து நாங்கள் நாற்காலியை எண்ணுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை எண்ணத் தொடங்கினோம். மாதத்தில் ஒரு செவ்வாய், மதியம் 3 மணி, அதே கடைகள், அதே நோட்டு. துறைக்கு எழுதும் கடிதத்திலும் கோரிக்கையை மாற்றினோம்: ஆய்வின்போது இருக்கை உள்ளதா என்று மட்டும் பார்க்காமல், ஊழியர்களைச் சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் தனியாக விசாரிக்க வேண்டும், ‘வேலை இல்லாத நேரத்தில் ஊழியர்கள் உட்காரலாம்’ என்ற அறிவிப்புப் பலகையைக் கவுண்டர் பக்கத்தில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கச் சொல்ல வேண்டும். பலகை வந்துவிட்டால், திட்டுகிற சூப்பர்வைசரிடம் அந்தப் பெண் எதுவும் பேச வேண்டியதில்லை, அதைக் காட்டினால் போதும்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வர வேண்டிய தேதியையும் நாள்காட்டியில் குறித்திருக்கிறோம்.